யாரும் குடித்து முடிக்காத தேத்தண்ணி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மாரி மழை ஓய்ந்து, வயல் வட்டைகளில் நெல் கதிர் தள்ளி நின்ற தை மாதம். களுவாஞ்சிக்குடிப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒன்று. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

என் தொழிலைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வரும். நிலத்துக்கு அடியில் எண்ணெய்த் தாங்கி புதைத்த இடங்களுக்குப் போய், மண்ணைத் துளைத்து எடுத்து, அதில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. மூடிய பெற்றோல் செட், பழைய தொழிற்சாலை, பஸ் டிப்போ என்று ஊர் ஊராகப் போவேன். ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்தவர், "அப்ப நீங்க மண்ண மோந்து பாக்கிற வேலையா?" என்று கேட்டார். சம்பந்தம் அதோடு போயிற்று. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை.

நான் பதுளைப் பக்கம். அம்மா போன பிறகு அங்கே எனக்கென்று கதவு திறக்க ஆள் இல்லை. அந்த வேலைக்காக நாவற்குடாவில் ஓர் அறை எடுத்திருந்தேன். காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போவது, மாலையில் வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவது, பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது. அலுவலகத்தைத் தவிர என்னைக் கூப்பிட யாரும் இல்லை. தனிமை பழகிவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். அது சுத்தப் பொய். பழகவே இல்லை.

நாங்கள் வேலை செய்த செட், நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தோடு மூடிப்போனது. மேலே இருந்த பம்புகளைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். கீழே புதைத்த தாங்கிகள் அப்படியே கிடந்தன. காணியை வாங்க வந்தவர் மண் அறிக்கை கேட்டதால் எங்கள் கம்பெனியைக் கூப்பிட்டிருந்தார்கள். துளை போடும் இயந்திரத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் மச்சானும் மச்சானும். சாப்பாடும் பகிடியும் அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். எனக்கு ஒரு "மேடம்" மட்டும் மிஞ்சும்.

அந்தப் பக்கத்து நிலம் வெறும் மணல். கொஞ்சம் துளைத்தாலே தண்ணீர் வந்துவிடும். தாங்கியிலிருந்து கசியும் டீசல் மணலுக்குள் இறங்கி, அந்தத் தண்ணீரின் மேல் மிதந்து, தண்ணீர் போகும் பக்கம் தானும் போகும். தண்ணீர் வாவியை நோக்கிப் போகிறது என்று கொழும்பில் இருந்து தந்த வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அதனால் எங்கள் துளைகள் எல்லாம் வாவிப் பக்கம். கடல் பக்கம் ஒரு மதில், அதற்கு அப்பால் ஒரு வீடு, வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

மதிலுக்கு மேலால் அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்த்தது முதல் நாளே. அறுபது வயது மதிக்கலாம். சீவி முடித்த தலை, கழுத்தில் துணி அளக்கும் நாடா. பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிபோம் தைத்துக் கொடுப்பவர். கணவர் இறந்து நெடுநாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"வெயிலுக்க நிக்கிறயள் மகள். உள்ள வந்து இரிங்க, தேத்தண்ணி ஒண்டு ஊத்தித் தாறன்" என்றார்.

வேலை நேரம் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். மறுநாளும் கூப்பிட்டார். தண்ணீர்ப் போத்தலைக் காட்டினேன். அதற்கு அடுத்த நாள் கூப்பிட்டபோது அவர் குரலில் தெம்பு இல்லை. "நீங்களும் குடிக்கமாட்டயளா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

முன் அறையில் சுவரோரமாகக் கதிரைகள் வரிசையாக நின்றன. ஒரு சின்னப் பள்ளிக்கூடமே வந்து உட்காரலாம். மேசையில் ஒரு தட்டம், அதில் கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பைகள், மேலே அவரே பின்னிய வெள்ளைத் துணி. நாளைக்கு விருந்தாளி வருவார்கள் என்பது போலத்தான் இருந்தது அந்த வீடு. ஆனால் கதிரைகளில் மெல்லிய தூசு.

உட்காரும்போதே எனக்குக் கூச்சம். எங்கள் தொழிலில் டீசல் மணம் உடுப்பில், தலைமயிரில், நகக்கண்ணில் எல்லாம் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. "அன்டி, என் மேல எண்ணெய் மணக்கும், பரவாயில்லயா?" என்று கேட்டேன்.

"எனக்கு மணம் ஒண்டும் தெரியா புள்ள. கொரோனாக் காய்ச்சலோட போனது இன்னும் திரும்பி வரல்ல. ஆர் வந்தாலும் என்ட மூக்குக்குப் பிரச்சினையில்ல" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் தந்த தேத்தண்ணியிலும் எனக்கு டீசல் மணந்தது. என் கையில் இருந்துதான் என்று நினைத்துக் குடித்து முடித்தேன். காலி செய்த கோப்பையை வாங்கும்போது அவர் அதற்குள் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியம்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் அங்கே போனேன். உண்மையைச் சொன்னால், காலையில் பஸ்ஸில் ஏறும்போதே அந்தப் பின்னேரத்தை நினைத்துக்கொள்வேன். என் மலையகப் பேச்சை அவர் பகிடி பண்ணுவார். அவர் பேச்சை நான் திருப்பிச் சொல்லிக் காட்டுவேன். அரிசி வேகும் நேரம், நூல் அறுபடும் காரணம், எந்தப் பாடசாலை யூனிபோமுக்கு எந்த அளவு மடிப்பு என்று கதை போகும். அடிக்கடி வயிறு எரிகிறது, தலை சுற்றுகிறது என்பார். குளிசை போடுவார். வயது போனால் வருவதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மகளின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஒரே மகள். முன்பள்ளி ஆசிரியை. இவர்கள் மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர்கள். மகள் மண்டூரில் முருகன் கோயிலைச் சேர்ந்த ஒரு சைவ வீட்டுப் பையனை விரும்பி, பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். மண்டூர் என்றால் தூரமில்லை, வாவிக்கு அந்தப் பக்கம். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். செட்டின் பின்பக்கம் நின்றால் அக்கரைத் தென்னைகள் தெரியும். ஆனால் அந்த அம்மா அக்கரைக்குப் போனதில்லை. மகள் ஒருநாள் வந்து வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இவர் கதவைத் திறக்கவில்லை.

"அவள் போனதோட இந்த வீட்டுக்கு ஆள் வாற நிண்டு போச்சு" என்றார். "புதன்கிழம ஜெபக்கூட்டம் எங்கட வீட்டிலதான். இந்தக் கதிரை காணாம முத்தத்தில பாய் போட்ட காலம் இருக்கு. ஒவ்வொருத்தரா விட்டிட்டாங்க. வந்தாலும் தேத்தண்ணியில வாய வச்சிற்று அப்பிடியே வச்சிருவாங்க. இப்ப சேர்ச்சில என்ட வாங்கில கூட ஒருத்தரும் இரிக்கிறல்ல. எல்லாம் அவள் ஒருத்தி செய்த வேல."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மேசையில் இருந்த போன் அடித்தது. மகள்தான். இந்த நேரத்துக்கு அடிக்கடி எடுப்பாளாம். அவர் திரையைப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமையும் வந்தது. என் போன் ஒருநாளும் அப்படி அடிப்பதில்லை. இங்கே ஒருத்தி விடாமல் கூப்பிடுகிறாள், எடுக்கக் கை இல்லை. ஆனால் வந்துபோகிற ஆள் நான் என்ன சொல்வது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சோறு தின்ன வரச் சொன்னார். அன்று வேலை இல்லை. தலைக்குச் சம்பூ போட்டு முழுகி, பெட்டியின் அடியில் இருந்த நல்ல சல்வாரை எடுத்து உடுத்து, ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். விருந்துக்கு என்று ஒரு வீட்டுக்குப் போய் எவ்வளவு காலம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன்.

படலையைத் திறந்ததும் மணம் வந்தது. டீசல்.

செட் பக்கத்தில்தானே இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்று காற்று கடலில் இருந்து வீசியது. செட் இருந்தது மற்றப் பக்கம். என் உடுப்பிலும் கையிலும் சவர்க்கார மணம் மட்டுமே. உள்ளே போய் இருந்தேன். அவர் வழமைபோல் முதலில் தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். இத்தனை நாள் என் கையை நான் குற்றம் சொன்ன மணம், கோப்பைக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனேன். வாளியை விட்டுத் தண்ணீர் அள்ளினேன். வெயிலில் அதன் மேல் நிறம் நிறமாக ஒரு படலம் ஆடியது. குனிந்து மோந்தேன். பெண் பார்க்க வந்தவர் சொன்ன வேலைதான். அதற்கு மேல் எந்த மீட்டரும் தேவைப்படவில்லை.

எப்படி என்று விளங்கவும் அதிக நேரம் எடுக்கவில்லை. மாரி மழைக்கு வாவி நிறைந்து கரையெல்லாம் ஏறும். முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிக் கடலோடு சேர்த்து விடும்வரை அந்தத் தண்ணீர் வடியாது. அந்த நாட்களில் நிலத்தடித் தண்ணீர் வாவிக்குப் போக வழியில்லாமல் மற்றப் பக்கம் தள்ளுப்படும். மேலே மிதக்கும் டீசலும் கூடவே போகும். வருடாவருடம் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். வரைபடத்து அம்புக்குறி கோடைக்கு மட்டும் சரி.

கிணற்றுக்குப் பின்னால் நின்று என் மேலதிகாரிக்கு போன் எடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆய்வுகூட முடிவு வராமல் அயலவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, சொன்னால் காணிக்காரர் எங்களைக் கோட்டுக்கு இழுப்பார், திங்கட்கிழமை பேசுவோம் என்றார். அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்பதையும் மறக்காமல் ஞாபகப்படுத்தினார். எங்கள் தொழிலில் அது எழுதி வைத்த விதிதான். நானும் அதில் கையெழுத்துப் போட்டவள்.

அந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. கொஞ்ச நேரம் வாளியைப் பிடித்தபடி நின்றேன். குசினி ஜன்னலால் பார்த்தால், அவர் இறால் கறிச் சட்டியில் இருந்து ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வருகிறேன் என்று சமைத்தது. அந்தத் தண்ணீரில் சமைத்தது.

உள்ளே போய் அடுப்பை நிற்பாட்டினேன். "அன்டி, இந்தக் கிணத்துத் தண்ணிய இனிக் குடிக்காதீங்க. சமைக்கவும் வேணாம், குளிக்கவும் வேணாம். டீசல் கலந்திருக்கு" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. செட்டைப் பற்றியும், தாங்கியைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மணக்குதா?" என்றார்.

"ஓம்."

"நல்லா மணக்குதா? தேத்தண்ணியிலயும்?"

என்ன கேட்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை என் மண்டையில் கிணறும் தாங்கியும் வாவியும்தான் ஓடின. அந்தக் கதிரைகளை நான் நினைக்கவே இல்லை. பொய் சொல்லவும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்ட உடுப்பிலயும் மணக்குமே" என்றார் மெதுவாக. "இந்தத் தண்ணியிலதானே தோய்க்கிறன்."

அவர் முன் அறைக்குப் போனார். தட்டத்தில் கவிழ்த்து வைத்த கோப்பைகளைத் திருப்பி, ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி நாளைக்கு வந்து தண்ணீர் மாதிரி எடுக்கலாம் என்று மனம் சொல்லியது. ஆனால் அவரை அந்தக் காலிக் கதிரைகளுக்கு நடுவில் விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

அவர் அந்தக் கோப்பைகளைப் பார்த்தபடி சொன்னார். "அவள் வீட்டில இருந்திருந்தா அண்டைக்கே மூஞ்சிக்கு நேர சொல்லியிருப்பாள் புள்ள. அவளுக்கு வாய் பொறுக்காது."

அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. அம்மா போனபோது கூட அப்படி ஓர் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழவில்லை.

அவர் திடீரென்று எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். எதிர் வீட்டு அம்மா ஒரு காலத்தில் புதன்கிழமை தவறாமல் வந்தவர். முற்றத்திலேயே நின்று, "தங்கச்சி, என்ட வீட்டுத் தேத்தண்ணி மணந்ததா?" என்று கேட்டார் இவர்.

எதிர் வீட்டு அம்மா என்னைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை.

"எப்பிடியக்கா சொல்லுற? அந்த நேரம் காஸ் இல்லாம எல்லாரும் மண்ணெண்ண அடுப்புத்தானே. எண்ணெ பட்ட கையோட ஊத்துறயளாக்கும் எண்டு நினைச்சம். பிறகு உங்கட உடுப்பிலயும் மணந்திச்சு. மகளும் போய், தனியக் கிடந்து கவனமில்லாமப் போயிற்றாவே எண்டு எங்களுக்குள்ள கவலப்பட்டுக் கதைச்சம். சொன்னா உங்கட மனம் நோகுமெண்டுதான் சொல்லல்ல."

"அப்ப மகள்ற விசயம்?"

"அதில எங்களுக்கென்ன கோவம்? போன மாசம் மண்டூருக்குப் போன நேரம் அவளக் கண்டு கதைச்சிற்றுத்தானே வந்த நான்."

ஊரில் ஒருவருக்கும் இந்த அம்மா மேல் கோபம் இருக்கவில்லை. மரியாதை இருந்தது, இரக்கம் இருந்தது. அந்த மரியாதையாலும் இரக்கத்தாலும்தான் அவர் இவ்வளவு காலம் தனியாக இருந்து, விஷத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தந்ததைக் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்த சனங்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். முதல் நாளே சந்தேகப்பட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எதிர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் அள்ளி மோந்து பார்த்தேன், மணம் இல்லை. அன்று நாங்கள் அங்கேதான் சாப்பிட்டோம். பின்னேரம் எதிர் வீட்டு அம்மா ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இவர் குசினியில் இறக்கி வைத்தார்.

திங்கட்கிழமை காலை நான் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்து, போத்தல்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பினேன். மேலதிகாரி போனில் கத்தினார். முடிவு வந்த பிறகு கத்தவில்லை. கிணற்றை மூடினார்கள், படலையடியில் ஒரு தண்ணீர்த் தாங்கி வைத்து பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள், மதிலுக்கு அந்தப் பக்கமும் துளைகள் போட்டோம். அவரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய்ப் பரிசோதித்தோம். வயிற்றெரிவு பிறகு மெல்லக் குறைந்தது. என் ஒப்பந்தத்தையும் நீடித்தார்கள், ஆனால் வேறு ஊருக்கு.

நான் புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். குசினியில் ஓர் அடுக்குச் சட்டி. மகளுக்குப் பிடித்த இறால் கறியும் பாலப்பமும். மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"மணந்து பாத்துச் சொல்லுங்க புள்ள. உண்மையச் சொல்லணும்."

மோந்தேன். இறாலும் கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாலும் மணந்தன. வேறொன்றும் இல்லை என்றேன். "சத்தியமா?" என்றார். சத்தியமாக என்றேன். பிறகு தன் சேலைத் தலைப்பையும் நீட்டினார். அதையும் மோந்து சொன்னேன்.

மகளின் போனை அதற்கு முதல் நாள்தான் எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு, "நாளைக்கு வாறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். என்னைத் துணைக்கு வரச் சொன்னார். குருமண்வெளித் துறைக்குப் போனோம். மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகை அங்கே பாதை என்பார்கள். அதில் நின்றுகொண்டு போகும்போது அவர் அடுக்குச் சட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். இவ்வளவு கிட்டத்தில் இருந்த கரை, இத்தனை காலம் இவருக்கு எவ்வளவு தூரமாக இருந்திருக்கிறது என்று நினைத்தேன்.

துறையில் மகள் தனியாக நின்றாள். பாதை கரையில் சரியாக அணையும் முன்பே தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டாள், சேலை நனைவதைப் பார்க்காமல். நான் அடுக்குச் சட்டியை வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா இறங்கி, மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியில் மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தார். நம் தாய்மார் பிள்ளையை அப்படித்தான் கொஞ்சுவார்கள், புதிதில்லை. ஆனால் அவருக்கு ஒரு மணமும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாமலே அவர் திரும்பத் திரும்ப மோந்துகொண்டு நின்றார். மகள் அழுதுகொண்டே, "என்னம்மா மெலிஞ்சு போனயள்" என்றாள். வாய் பொறுக்காதவள்தான்.

வீட்டுக்கு வரச் சொல்லி இரண்டு பேரும் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை என்று எனக்குப் பட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு அதே பாதையில் திரும்பினேன். ஒரு மோட்டார் சைக்கிளும் அதன் சொந்தக்காரரும் நானும் மட்டும். நடு வாவியில் போனை எடுத்துப் பார்த்தேன். இந்தக் கதையைச் சொல்ல யாரைக் கூப்பிடலாம் என்று பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்குள் அவ்வளவு தனிமை.

இப்போது அந்த வீட்டில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் திரும்பத் தொடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்குத் தேத்தண்ணி கொடுத்தாலும் "முதல்ல மணந்து பாருங்க, பிழையெண்டாச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் கொடுக்கிறாராம். வந்தவர்கள் சிரிப்பார்களாம், ஆனால் மோந்து பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் குடிப்பார்களாம். இதெல்லாம் அவரே சொன்னது. சில பின்னேரங்களில் என் போன் அடிக்கும், அவர்தான். வேலையை நடுவில் விட்டுவிட்டாவது ஓடிப்போய் எடுத்துவிடுவேன்.

மனம் நோகுமே என்று ஒருவரிடம் எதையாவது சொல்லாமல் விட நினைக்கும்போதெல்லாம் அந்தத் தூசு படிந்த கதிரைகள் என் நினைவுக்கு வருகின்றன; இப்போதெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருக்கிறேன்.